இரத்தப் பொரியலும் என் வேத ஞானமும்

எங்கள் சபையில் என்னளவுக்கு வேதம் தெரிந்தவர் யாருமில்லை. இதை நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சுகிர்தராஜ் இன்னொரு ஆணோடு குடும்பமாக வாழ்கிறார் என்று தெரிந்ததும், சபைச் செயலாளரான நான் பொங்கி எழுந்தேன். ஆலயத்தில் மணியடித்து, சபையார் எல்லோரும் பந்தியில் உட்காரும் அசன விருந்துக்கும் சமைக்கிற தேவபிச்சையைக் கூப்பிட்டேன்.

“அந்த ரெண்டு பேருக்கும் அசனத்துல இலை போடாதே.”

“ஏன்னு கேட்டா என்ன சொல்லட்டும், சார்?”

“அப்போஸ்தலர் கட்டளைன்னு சொல்லு. காலம் மாறும், வேதம் மாறாது.”

“எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது, சார். எழுதிக் கொடுத்திருங்க.”

வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொல்லும் வசனத்தை முழுசாக, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

அசனத்தன்று காலையில் ஆடு அறுத்ததும், வழக்கம்போல இரத்தப் பொரியலுக்கு முதல் ஆளாக உட்கார்ந்தேன். இலை காலியாகவே கிடந்தது. தேவபிச்சை நான் எழுதிய தாளை நீட்டினார்.

“அதே வரியில இரத்தத்துக்கும் விலகியிருக்கணும்னு எழுதியிருக்கீங்களே, சார்.”

பொரியல் வாசனை மூக்கைத் துளைத்தது. “அட, அது அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொன்னதுப்பா!” என்று கத்திவிட்டேன்.

அடுப்படியே திரும்பிப் பார்த்தது. தேவபிச்சை என் இலை நிறையப் பொரியலை அள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு இலை போட்டு, சுகிர்தராஜையும் அவர் துணைவரையும் கூப்பிட்டார்.

நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் இரண்டாம் தடவைக்குப் பொரியல் வந்துகொண்டிருந்தது.