கத்தாத மரம்

கால்டென்பாக் வெள்ளிச் சுரங்கத்தின் புதுப்பாதையில் கூரை சத்தமில்லாமல் விழுந்தது. உள்ளே இருந்த இருவர் செத்தார்கள். யோர்க் ஒருவன். அவன் மைத்துனன் இன்னொருவன்.

தப்பு வைட்டினுடையது. அது வைட்டுக்கும் தெரியும். எந்தத் தப்பு என்றுதான் தெரியவில்லை.

வைட் சுரங்கத்தின் தலைவன். ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடம் உலை முன்னால் நின்றவன். வெள்ளி உருகுவதைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வான். மலைக்குள் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. போன வருடம்தான் அவனைத் தலைவனாக்கினார்கள். வந்ததும் இரண்டு காரியம் செய்தான்.

பாதையின் கூரையைத் தாங்கும் முட்டுகள் அதுவரை பைன் மரம். நாள் முழுக்க முனகும், நெரியும், சில சமயம் கத்தும். அவனுக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. புதுப்பாதைக்கு ஓக் மரம் வரவழைத்தான். ஓக் இரும்பு மாதிரி. வாய் திறக்காது.

அடுத்து, முட்டு கட்டும் ருப்பெர்ட்டை வேலையைவிட்டு அனுப்பினான். ருப்பெர்ட் எதற்கும் குறை சொல்கிறவன். சூப்பில் உப்பில்லை. ஏணி வழுக்குகிறது. மணியைத் தாமதமாக அடிக்கிறார்கள். ஓக் வேண்டாம். நூறு குறையில் அதுவும் ஒன்று. யார் காது கொடுப்பார்கள்?

அவன் போனபின் சுரங்கம் அமைதியானது. வைட் நன்றாகத் தூங்கினான். ஐந்து மாதம்.

அந்த ஊர்த் தேவாலயத்தின் நடுவே ஒரு மரச்சுவர் உண்டு. இந்தப் பக்கம் வியாபாரிகளும் அதிகாரிகளும். அந்தப் பக்கம் சுரங்கத்து ஆட்கள். பூசை ஒன்றுதான், வாசல் இரண்டு. இரண்டு சவப்பெட்டிகளும் அந்தப் பக்கம் இருந்தன. வைட் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். பலகை வழியாக அழுகை மட்டும் வந்தது. அவனால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வால்பூர்கா அம்மாளைத் தேடிப் போனான்.

அம்மாள் தாது பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்பவர். கல்லைக் கையில் வாங்கியதுமே உள்ளே வெள்ளி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். வயது நாற்பத்தொன்று. தன்னைவிடச் சின்னவரிடம் வைட் மூன்று வருடமாகச் சீடன். ஞாயிறுதோறும் வந்து கொட்டகையைப் பெருக்குவான். ஊர் சிரித்தது. அவன் நிறுத்தவில்லை.

"இன்று ஞாயிறு இல்லையே," என்றார் அம்மாள். சுத்தியலை நிறுத்தவில்லை.

"அம்மா, திங்கட்கிழமை நாற்பது பேர் உள்ளே போக வேண்டும்."

"போகட்டும்."

"முட்டு எதைப் போடுவது? இன்னும் பருமனான ஓக் வண்டியில் வந்துகொண்டிருக்கிறது. முன்பு போட்டதைப்போல இரண்டு மடங்கு. அது தாங்கும்தானே?"

"தாங்கும்."

"எது வரைக்கும்?"

"விழும் வரைக்கும்."

வைட் கொட்டகைக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஆக்னஸும் இருந்தாள். யோர்க்கின் மனைவி. வீட்டில் உட்கார முடியவில்லை என்று வேலைக்கு வந்துவிட்டாள்.

"நடக்காதே, தூசி கிளம்புகிறது," என்றார் அம்மாள். "என் தவறு என்ன என்று கேட்கத்தானே வந்தாய்?"

"ஆமாம்."

"வெளியே வா."

கொட்டகைக்குப் பின்னால் தாது கழுவும் வாய்க்கால் ஓடியது. பனி உருகி வந்த தண்ணீர். அம்மாள் இரண்டு பலகைகளை இழுத்து வந்தார். இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே கனம். ஒன்று ஓக், ஒன்று பைன். ஓக்கை வாய்க்காலின் குறுக்கே போட்டார்.

"நடுவில் உட்கார்."

"குளிருமே அம்மா."

"உட்கார்ந்தால் குளிராது. விழுந்தால்தான் குளிரும்."

வைட் உட்கார்ந்தான். பெண்கள் தாது மூட்டைகளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று. இரண்டு. பலகை அசையவில்லை. ஐந்து. ஆறு.

"பார்த்தீர்களா, சத்தமே இல்லை," என்றான். உலைக்காரனின் பெருமை கொஞ்சம் திரும்பியிருந்தது.

ஏழு. எட்டாவது மூட்டையை ஆக்னஸ் வைத்தாள்.

வைட் தண்ணீரில் கிடந்தான். எப்போது விழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, ஆக்னஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அம்மாள் பைன் பலகையைப் போட்டார். "உட்கார்."

பல் அடித்துக்கொள்ள உட்கார்ந்தான். இரண்டாவது மூட்டைக்கே பலகை முனகியது. மூன்றுக்கு நெரிந்தது. நான்குக்கு வைட் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஐந்துக்குப் பலகை கத்தியது. ஆறாவதை ஆக்னஸ் தூக்கும்போதே அவன் கரைக்குக் குதித்துவிட்டான். மூட்டைகளோடு பலகை முறிந்து விழுந்தது.

"எது பலம்?" என்றார் அம்மாள்.

"ஓக். ஏழு தாங்கியது. பைன் ஐந்துதான்."

"சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். எதில் நனைந்தாய்?"

வைட் சட்டையைப் பிழிந்தான். "திங்களன்று பைன் போடுகிறேன்," என்றான். "முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"ஒருவருக்கும் தெரியாதோ என்னவோ," என்றார் அம்மாள். ஆக்னஸைப் பார்த்தார்.

ஆக்னஸ் ஈர மூட்டையைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும் ஐயா. ஓக் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். கத்தாத மரத்தின் கீழே எப்படி வேலை செய்வது என்று."

"என்னிடம் சொல்லவில்லையே."

"ருப்பெர்ட் சொன்னானே."

வைட் சட்டையைப் பிழிவதை நிறுத்தினான்.

"அவன் இப்போது எங்கே இருக்கிறான் ஐயா?" என்றாள் ஆக்னஸ். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

வைட் ஈரத் துணியோடு மலை ஏறினான். அன்றைக்கே. ருப்பெர்ட் கணவாய்க்கு மேலே கரி சுட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. வைட்டைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஓக் போட்டீர்களாமே."

"போட்டேன்."

"யோர்க் என் கூட்டாளி. பதினாறு வருடம். தெரியுமா?"

"தெரியாது."

"எதுதான் தெரியும் உங்களுக்கு?"

"வெள்ளி உருகுவது தெரியும்," என்றான் வைட். "வா. திங்கட்கிழமை நாற்பது பேர் உள்ளே போகிறார்கள். நீ கட்டாமல் ஒருவரையும் அனுப்பமாட்டேன்."

ருப்பெர்ட் கரிக் குவியலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"வந்தால் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யமாட்டேன்."

"வேண்டாம்."

இறங்கும் வழியெல்லாம் ருப்பெர்ட் குறை சொன்னான். பாதை சரியில்லை. கொடுத்த ரொட்டி பழசு. இப்படி நனைந்துகொண்டு மலையேறுகிறவனுக்குப் புத்தி உண்டா? வைட் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" என்றான். சில இடங்களில் நின்று, "இன்னொரு தடவை சொல்," என்றான். ருப்பெர்ட்டுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிறிது தூரம் பேசாமல் வந்தான். பிறகு ரொட்டியில் மறுபடி ஆரம்பித்தான்.

ஞாயிறு முழுக்க விழாமல் நின்ற ஓக்கை எடுத்தார்கள், பைனைக் கட்டினார்கள். பாதிரியார் கோபித்துக்கொண்டார். திங்கட்கிழமை நாற்பது பேர், "நல்லபடியாக மேலே வா," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். வைட்டும் போனான். சாயங்காலம் வரை ஒரு மூலையில் நின்றான். மரங்கள் முனகின. ஒவ்வொரு முனகலுக்கும் அவன் தோள் குலுங்கியது. மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். ராத்திரி படுக்கையிலும் அந்தச் சத்தம் கேட்டது. தூக்கம் போயிற்று.

பத்தொன்பதாம் நாள், மதியச் சூப்பு நேரம். ருப்பெர்ட் சூப்பைத் திட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். தலையைச் சாய்த்தான்.

"எல்லோரும் வெளியே," என்றான்.

"என்ன?" என்றான் வைட்.

"ஏழாவது முட்டு. குரல் மாறிவிட்டது. கிளம்புங்கள் ஐயா."

வைட்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவனுக்கு எல்லா முனகலும் ஒன்றுதான். ஆனாலும் முதலில் கரண்டியைப் போட்டவன் அவன்தான். நாற்பது பேரும் வெளியே வந்து, தலையை எண்ணி முடிக்கும்போது கூரை விழுந்தது. உள்ளே சூப்புச் சட்டிகள் மட்டும் இருந்தன.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மலைக்குள் போனவர்கள் உயிரோடு தப்பினால் தேவாலயத்தில் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். யார் காப்பாற்றியது என்று ஒரு பெயரைச் சொல்லித்தான் ஏற்ற வேண்டும். சொல்ல வேண்டியவன் சுரங்கத் தலைவன்.

வைட் அன்று மற்ற வாசல் வழியாகப் போனான். சுரங்கத்து ஆட்களோடு உட்கார்ந்தான். பக்கத்தில் வால்பூர்கா அம்மாள். அதற்கு அப்பால் ஆக்னஸ். அவள் தலை குனிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வியாபாரிகள் கிசுகிசுப்பது கேட்டது.

பாதிரியார் தீக்குச்சியோடு காத்து நின்றார்.

"அம்மா," என்றான் வைட் மெதுவாக. "உங்கள் பெயரைச் சொல்லட்டுமா?"

"நான் இரண்டு பலகை போட்டேன். எதற்குப் பெயர்?"

"பைன் மரம் என்று சொன்னால்?"

"மரத்துக்கு மெழுகுவர்த்தி எதற்கு?"

"வேறு யாரைச் சொல்வது?"

தேவாலயமே அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் மட்டும் ஒரு குரல் நிற்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மெழுகு மட்டமாம், திரி கோணலாம், இதை ஏற்றினால் புகைதான் வருமாம். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். பாதிரியார் வைட்டைப் பார்த்தார், அவனை வெளியே அனுப்பேன் என்பதுபோல.

வைட் எழுந்தான். எங்கே போவது என்று தெரியாமல் நின்றான்.

அம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"கேட்கிறதல்லவா?"

"கேட்கிறது."

"அவன் பெயரைச் சொல்," என்றார் அம்மாள். "ருப்பெர்ட்."