ஊற்றில் வைத்த கால்

அந்தக் காலத்தில் அட்டைக்கும் ஆறு கால் இருந்தது. பேச வாயும் இருந்தது. அதுவும் சும்மா பேசுகிற வாயில்லை, நியாயம் பேசுகிற வாய். தேன்கூவை என்ற மலையூரில் இருபது வீடு, ஒரே ஓர் ஊற்று. சமவெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அட்டையின் வேலை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். விருந்தாளியைக் கடிந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. சொன்ன வாய் மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டும்.

ஒரு கார்காலத்தில் சமவெளிக்காரர் தில்லையப்பர் தன் சுற்றத்தோடு மலையேறி வந்தார். அட்டை அருவியைக் காட்டியது.

"இவ்வளவுதானா? எங்க ஊர் மதகே இதைவிடப் பெரிசு" என்றார் அவர்.

பள்ளத்தாக்கு தெரியும் பாறைக்கு அழைத்துப்போனது. பாறையில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்க்காமலே திரும்பினார்கள். அட்டை பல்லைக் கடித்துக்கொண்டது.

கடைசியில் ஊற்று. எல்லோரும் அள்ளிக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் தில்லையப்பர் சேறு அப்பிய இரண்டு கால்களையும் அதற்குள் விட்டு உட்கார்ந்தார்.

"ஆகா, சில்லுன்னு இருக்கு! எல்லாரும் வாங்க!"

தண்ணீருக்குக் குடத்தோடு வந்து நின்ற ஊர்க்காரி நல்லக்காளின் முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா பேசாம நிக்கிறே? உன் பிள்ளை குடிக்கிற தண்ணி!" என்றது அட்டை.

"விருந்தாளி, தாயி. பொறுத்துப் போ. நான் ஆத்துல மொண்டுக்கிறேன்."

"ஆறு ரெண்டு மலை தள்ளி இருக்கு! அழுக்காக்கினவர் உக்காந்திருப்பாரு, நீ நடக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

அட்டை தில்லையப்பரிடமே போய், "ஐயா, காலை எடுங்க" என்றது.

அவர் சிரித்தார். "விரல் நீளம் இல்ல, வாய் முழ நீளம் இருக்கே!"

அவ்வளவுதான். பாய்ந்து அவர் கணுக்காலைக் கவ்வியது அட்டை. அவர் அலறிக்கொண்டு காலை உருவினார். கூட்டம் மொத்தமும் மலையிறங்கி ஓடியது.

மலைக்குக் கோபம் வந்தது. இடி இடித்தாற்போல் பேசியது. "விருந்தாளியையா கடிச்சே? நாளையிலேருந்து உனக்குக் காலும் இல்ல, பேச்சும் இல்ல. ஒவ்வொரு கோடையிலும் மழை வர்ற வரைக்கும் பட்டினி கிட!"

"கிடக்கிறேன். ஊத்துல கால் வச்சவருக்கு என்ன தண்டனை?"

மலை யோசித்தது. ஊர் வழக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது; ஊற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா? கடிச்சதுக்குச் சட்டம் இருக்கு, மிதிச்சதுக்கு இல்ல. அப்ப நான் கடிக்கத்தான் செய்வேன்."

மலையின் குரல் இறங்கியது. "விருந்தாளிக்கு வலிக்கக் கூடாது."

"வலிக்காமக் கடிக்கிறேன். ஆனா மறக்க விடமாட்டேன்."

அட்டை பேசிய கடைசிப் பேச்சு அது.

அன்று முதல்தான் அட்டை கடித்தால் வலிப்பதில்லை, ரத்தமும் லேசில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் மலையைப் பார்க்க வருகிறவர்கள், மலையைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து தங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் அன்று முதல்தான்.