மூத்த மாப்பிள்ளை ஒட்டிய சிவப்பு எழுத்து

கேட்டு முடித்ததும் நியாயம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பாதியில் எழுந்து போகக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கோபிசெட்டிபாளையத்தில் மாரப்பன் என்று ஒருவர். ஒரு நூல் மில்லின் வேனைப் பல வருடங்களாக ஓட்டுகிறவர். ஊராரை ஏற்றி இறக்கிய மனுஷனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு பழைய மொபெட்தான். அதில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததில்லை, சகலை தயாளன் புதுக் கார் வாங்குகிற வரைக்கும்.

தயாளன் செல்போன் கடைக்காரன். மாரப்பனின் மனைவி வளர்மதிக்குத் தங்கை கோகிலா, அவளைக் கட்டியவன். கடன் வாங்கித்தான் கார் எடுத்தான். ஆனால் அது வெள்ளை வெளேரென்று மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றதிலிருந்து மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முன்பெல்லாம் "மூத்த மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு இலை போடச் சொல்லும் மாமனார், இப்போது "கார் வந்துருச்சா?" என்று கேட்கிறார். வயிறு எரியுமா, எரியாதா? எரிந்தது ஐயா, அடுப்பில்லாமலே எரிந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் மாமனார் வீட்டில் கூடினார்கள். காருக்கு மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூஜை முடிந்ததும் கோகிலா, "பிள்ளையார் கோயில் வரைக்கும் நானே ஓட்டிட்டு வர்றேன்" என்றாள். அவளிடம் இருந்தது எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம்தான். தயாளன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்காரப் போனான்.

மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இருங்க. பழகற புள்ள ஓட்டுனா 'எல்' ஒட்டோணும். ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். முக்குக் கடைக்கு நடந்து போய்ச் சிவப்பு ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பார்த்துப் பார்த்து ஒட்டினார். அழகான முகத்தில் கட்டி வந்தது போல் இருந்தது. அவருக்கு அதில் பரம திருப்தி. அதோடு விட்டாரா? "மூத்தவன் நான் பின்னாடி உக்கார்றதா?" என்று முன்சீட்டிலும் ஏறிக்கொண்டார். "நீங்களே போயிட்டு வாங்கண்ணா" என்று தயாளன் ஒதுங்கி நின்றுவிட்டான்.

கோயில் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. கோகிலா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். கார் நேரே போய் மின்கம்பத்தில் மோதியது. இருவருக்கும் காயமில்லை. நசுங்கிய பானட்டைப் பார்த்தபோது மாரப்பனுக்கு, சொன்னால் வெட்கக்கேடு, மனசு குளுகுளுவென்று இருந்தது. "இன்சூரன்ஸ் இருக்குது, புதுசாட்டம் ஆக்கிருவாங்க" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்தக் குளிர்ச்சியும் போயிற்று.

காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போன பிறகு தயாளன் வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொன்னான். "இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டா நான்தான் ஓட்டினேன்னு சொல்லிருங்க. எல்.எல்.ஆர்.னு தெரிஞ்சா க்ளைம் கிடைக்காது. கைக்காசு போட்டா கடையை மூட வேண்டியதுதான். இவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம், பாவம்."

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் சேதத்தைப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். குடும்பமே அங்கே கூடி நின்றது. சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு, "வண்டி ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

தயாளன் வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் முந்திக்கொண்டார். "எதுக்குங்க பொய்? ஓட்டுனது என் கொழுந்தியா. வெறும் எல்.எல்.ஆர். தானுங்க. பக்கத்துல இருந்தவன் நான், என் கண்ணால பாத்தேன்."

தயாளன் முகத்தில் ஈயாடவில்லை. மாரப்பன் முகத்திலோ பந்தயத்தில் ஜெயித்த களை. அந்தக் களையைப் பார்த்தவள் வளர்மதி ஒருத்திதான்.

சர்வேயர் மாரப்பனைக் கேட்டார். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? மில் வேனே ஓட்டறேன்."

"இந்த எல் போர்டு?"

"நாந்தான் ஒட்டுனேன்."

"அப்புறமென்னங்க? எல் போர்டு இருந்து, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல இருந்தா, பழகறவங்க ஓட்டினாலும் பாலிசி செல்லும். நல்லவேளை உண்மையைச் சொன்னீங்க. டிரைவர் சீட்டு ஸ்டீயரிங்கை ஒட்டிக் கிடக்குது. ஆறடி ஆளு, ஓனர் இவர் ஓட்டினார்னு சொல்லியிருந்தா, பொய் க்ளைம்னு எழுதியிருப்பேன்."

தயாளன் ஓடிவந்து சகலையைக் கட்டிக்கொண்டு அழுதான். மாரப்பன் அவன் தோளுக்கு மேலாகத் தான் ஒட்டிய சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

க்ளைம் கிடைத்தது. கார் புதுசாகத் திரும்பியது. மாமனார் வீட்டில் விருந்து. முதல் இலை மாரப்பனுக்கு, கழுத்தில் மாலை, காரின் இன்னொரு சாவியும் கையில். "என்னைக்கு வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணா. நான் பொய் சொல்ல இருந்தேன், நீங்கதான் காப்பாத்துனீங்க" என்றான் தயாளன். கோகிலா அக்காவிடம் கேட்டாள். "மாமாவுக்கு எத்தனை பெரிய மனசுக்கா?" மாரப்பன் இலையிலிருந்து தலை நிமிராமல் காத்திருந்தார். வளர்மதி கணவனைப் பார்த்தாள். பிறகு, "ஆமா புள்ள" என்று மட்டும் சொல்லி அவருக்கு நெய் ஊற்றினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மனைவிக்காகப் பொய் சொல்லத் துணிந்தான் தயாளன். கெடுப்பதற்காக உண்மையைச் சொன்னார் மாரப்பன். எல்லாம் தெரிந்தும் மறைத்தாள் வளர்மதி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் தீர்ப்பு இது. தயாளனின் அன்பு சரி, வழி தப்பு. மாரப்பன் சொன்னது சரி, சொன்ன மாரப்பன் சரியில்லை. கெடுக்கப் போனது நல்லதில் முடிந்ததற்கெல்லாம் கூலி கேட்க முடியாது. சரியாகச் செய்தவள் வளர்மதிதான். அவள் போட்டு உடைத்திருந்தால் அக்கா தங்கை உறவும் உடைந்திருக்கும், மாரப்பனும் "ஆமாம், நான் அப்படித்தான்" என்று துணிந்து எரிந்திருப்பார். அவள் சொல்லாததால் மனுஷனுக்குப் புதிதாக ஒரு பொறாமை பிடித்துக்கொண்டது. யார் மேல்? குடும்பமே வாய் ஓயாமல் புகழ்கிறதே, அந்த நல்ல மாரப்பன் மேல். சகலையை ஜெயிக்க வேண்டுமென்றால் கடன் வாங்கி இன்னொரு கார் எடுக்கலாம். இந்த ஆளை ஜெயிக்க, அவனாகவே ஆகிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.