திர்சாள் அக்காவுக்காக ஒரு ஜெபம்

“என் சபை செத்துப்போச்சுக்கா,” என்றார் போதகர் நேசையா ஐயர். “இந்த ஊழியத்தை விட்டுரலாம்னு இருக்கேன்.”

திர்சாள் அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொழுநோயாளர் இல்லத்தில் அன்று மதியம் நாற்பது பேருக்குச் சாம்பார். கல்யாணம் கட்டாமல் முப்பது வருஷமாக அங்கேயே கிடக்கிற மனுஷி. பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆனாலும் சுற்றுவட்டாரத்து ஐயர்மார் மனசு நொந்தால் வந்து உட்காருவது அவள் சமையல்கட்டில்தான்.

“ராஜினாமா எழுதியாச்சா?”

“எழுதிட்டேன். நாளைக்குப் பேராயர்கிட்ட கொடுக்கணும்.”

“அப்படி என்னய்யா ஆச்சு?”

“என்னத்தைச் சொல்ல. மூணு நாள் எழுப்புதல் கூட்டம் போட்டேன். வெளியூர்ப் பிரசங்கியார், புது ஸ்பீக்கர் செட்டு, கடைசி நாள் பிரியாணி. பிரியாணி அன்னைக்கு மட்டும்தான் கூட்டம். அடுத்த ஞாயித்துக்கிழமை பழையபடி கொட்டாவி. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணுதேன், அவங்க செல்போனைத் திறக்காங்க.”

“கண்ணை மூடினவருக்கு அது எப்படித் தெரிஞ்சுது?”

ஐயருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இருபத்தாறு வருஷ ஊழியம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், புது வீடு, புது பைக், போர்வெல் போடுகிற இடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஜெபித்துத் தொண்டை தேய்ந்துபோன மனுஷன். பாவம்தான்.

“சரி, போறதுக்கு முன்னால எனக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போம்.”

அக்கா கத்தியை வைத்துவிட்டு முக்காடு போட்டுக்கொண்டாள்.

ஐயர் எழுந்து நின்றார். வாய் தானாகத் திறந்தது. ஏற்ற இறக்கமெல்லாம் கச்சிதம். அன்பின் பரம பிதாவே என்று ஆரம்பித்து, இந்தக் குடும்பத் தலைவரின் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும், பேரப்பிள்ளைகளுக்கு ஞானத்தைக் கொடும் என்று கேட்டு, ஆமென் சொல்லி முடித்தார்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

“எனக்கு எப்பய்யா கல்யாணம் ஆச்சு?”

ஐயருக்கு முகம் கறுத்துவிட்டது.

“மன்னிச்சிருங்கக்கா. வாய் பழகிட்டு.”

“பேரப்பிள்ளைக வரைக்கும் கொடுத்துட்டீரே. நல்லாத்தான் இருந்துது.”

அவர் நின்றபடியே தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

“போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளையோட புருஷனை நான்தான் அடக்கம் பண்ணினேன். அங்கேயும் இதைத்தான் சொல்லியிருப்பேன் போல. ஜெபம் முடிஞ்சும் அவ தலையைத் தூக்கவே இல்ல.”

அக்கா பக்கத்துத் தரையைக் காட்டினாள்.

“உட்காரும். இன்னொரு தடவை பண்ணும்.”

“உங்களுக்கா?”

“எனக்குப் பண்ணினது போதும். உமக்குப் பண்ணும்.”

ஐயர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். அன்பின் பரம பிதாவே என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. தனக்கென்று எதையாவது கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா எழுந்துபோய் மூடியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். ஐயர் இன்னும் அப்படியேதான் இருந்தார்.

“ஆண்டவரே,” என்றார். “எனக்கு முடியல.”

அதற்குப் பிறகு வெறும் அழுகைதான். ஐம்பத்திரண்டு வயது மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா தடுக்கவில்லை.

“ஜெபத்தை முடிக்கணுமேக்கா,” என்றார் கடைசியில், கண்ணைத் திறக்காமலே. “எப்படி முடிக்கன்னு தெரியல.”

அக்கா அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

“உம்மை யாரு முடிக்கச் சொன்னா?”