முன்அனுபவம் இல்லாத காக்காய்

நத்தமேட்டுக்காரர்களைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கேட்பார்கள். ஒரு எழுத்து பிசகாமல் கேட்பார்கள். வம்பே அதில்தான்.

அந்த ஊர் உத்திராபதிக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. தையல்நாயகிக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. இவனுக்கும் அவளை நினைத்தால் ஆசையில் சோறு இறங்காது. பெண்ணைப் பெற்ற குஞ்சிதபாதம்தான் ஒரே பிடியாக நின்றார்.

"ஒரு வேலையிலயாவது நிலைச்சு நில்லு தம்பி. அப்புறம் வந்து பொண்ணு கேளு."

நியாயமான பேச்சு. உத்திராபதி அதுவரை எந்த வேலையிலும் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டினதில்லை.

கடைசியில் ஒரு கல்லூரியில் காக்காய் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் மங்கையர்க்கரசி அவனைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். கூட வேலை பார்த்த கலியபெருமாளும் நீலமேகமும் அதே நத்தமேடு. பாவம் அம்மா, ஊர் விசாரிக்காமல் ஆள் எடுத்துவிட்டார்.

ஒரு அமாவாசையன்று காலையில் அம்மா வெளியூருக்குக் கிளம்பினார். கிளம்புமுன் மூவரையும் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினார். ஆள் நின்று நடமாடும் அளவுக்குப் பெரிய வலைக் கூண்டு அது. உள்ளே மேஜைமேல் உயரமான கண்ணாடிக் குழாய். குழாயின் அடியில், கைப்பிடி வைத்த குட்டி வாளி. வாளிக்குள் ஒரு குட்டி உளுந்து வடை. பக்கத்தில் நேரான கம்பி ஒன்று.

"காக்காய் இந்தக் கம்பியைக் கொக்கியா வளைச்சு, வாளியைத் தூக்கி வடையை எடுக்குதான்னு பார்க்கணும். முன்அனுபவம் இல்லாத காக்காயா இருக்கணும். உங்க தலை அது கண்ணுல படக் கூடாது. யாரும் உதவி செய்யக் கூடாது. வடையை எடுக்கிற வரைக்கும் கூண்டைத் திறக்கக் கூடாது. உத்திராபதி, ஒழுங்கா நடந்தா உன் வேலை நிரந்தரம். சொதப்பினா மூணு பேரும் ஊரைப் பார்க்கப் போகலாம்."

உத்திராபதி தையல்நாயகியை நினைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினான்.

காக்காய் பிடிப்பது சுலபமாக முடிந்தது. கலியபெருமாள் செத்துப்போன அப்பாவுக்காக அமாவாசை விரதம் இருந்தான். படையல் சோற்றை இலையோடு கூண்டுக்குள் வைத்து "கா... கா..." என்றான். ஒரு காக்காய் விறுவிறுவென்று நடந்து உள்ளே வந்தது. இலையை உருவிக்கொண்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டான்.

தலை தெரியக் கூடாதே! மூவரும் ஆளுக்கொரு கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணுமே தெரியலையேடா," என்றான் நீலமேகம்.

"நமக்கே அது தெரியலைன்னா அதுக்கு நாம எப்படித் தெரிவோம்? பேசாம உட்காரு," என்றான் உத்திராபதி.

ஆராய்ச்சி இப்படி அமைதியாக நடந்தது. கலியபெருமாளின் கோணி மட்டும் மிளகாய்க் கோணி. அவன் போட்ட தும்மலில் கோணி எகிறி விழுந்தது. அப்போதுதான் பார்த்தான். காக்காய் கம்பியை வலையில் கோத்து வளைத்து, வாளியைத் தூக்கி, வடையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

"எடுத்துட்டாருடா!" என்று கத்தினான்.

"யாரு?"

"எங்கப்பா! அமாவாசையும் அதுவுமா நான் கூப்பிட்டு வேற யாரு வருவா?"

உத்திராபதி துள்ளிக் குதித்தான். தாலி கட்டினது போலவே இருந்தது அவனுக்கு. நீலமேகம் மட்டும் கன்னத்தில் கைவைத்து யோசித்தான்.

"உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?"

"கம்பி கட்டுற மேஸ்திரி. நத்தமேட்டுல பாதி மாடி அவர் வளைச்ச கம்பியிலதான் நிக்குது."

உத்திராபதி குதிப்பதை நிறுத்தினான். "அடப்பாவி! அவருக்குத்தான் முன்அனுபவம் இருக்கே! இந்தச் சோதனை செல்லாதேடா!"

கூண்டைத் திறந்து, பெரியவரை அடைத்து வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, இலையில் சோறு பரிமாறினார்கள். அவர் தின்றுவிட்டுப் பறந்து போகாமல் கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேறு காக்காய் தேட வேண்டியதாயிற்று. மரத்தில் நிறைய இருந்தன.

"அந்தக் குட்டைக் காக்காய்?"

"யாரோ தச்சரா இருந்தா? கதவுக்குக் கொக்கி போட்டிருப்பார்."

"மூக்கு வளைஞ்சது?"

"தூண்டில் போட்டவர் மாதிரி இருக்கு. வேண்டாம்."

"ஒரு வேலையும் தெரியாத அப்பன் ஒருத்தன்கூடவா சாகலை?" என்று உத்திராபதி அழாத குறையாகக் கேட்டான்.

மற்ற இருவரும் மெதுவாகத் திரும்பி அவனையே பார்த்தார்கள்.

"உனக்கு முன்அனுபவம் உண்டா?"

"எதுல?"

"எதுலயாவது."

உத்திராபதி மனசாட்சியோடு யோசித்தான். "இல்லை," என்றான். அப்படிச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது அவன் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

கிழிந்த கறுப்புக் குடைத் துணியை இறக்கை மாதிரி அவன் முதுகில் கட்டிவிட்டார்கள். வாளியில் புது வடை வைத்தார்கள். வளைந்த கம்பியைத் தட்டி நேராக்கிக் கொடுத்து, அவனை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கோணிக்குள் போய்விட்டார்கள்.

உத்திராபதி குழாய்க்குள் கையை விட்டான், போகவில்லை. மூக்கை விட்டான், வர மறுத்தது. கம்பியை விட்டுக் குத்தினான். கம்பி நேரே வடையின் ஓட்டைக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தது. மத்தியானம் போயிற்று. வேர்த்துக் கொட்டியும் விடவில்லை.

மேலே இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து, வலை வழியாகக் கம்பியைப் பிடுங்கி, நறுக்கென்று கொக்கியாக வளைத்து உள்ளே நீட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் பேராசிரியர் வந்து நின்றார். வேலை நிஜம்தானா என்று விசாரிக்க வந்த குஞ்சிதபாதமும் கூடவே நின்றார். அவரும் நத்தமேடுதான்.

உத்திராபதி கொக்கியைப் பணிவாக வாங்கினான். "தப்பா நினைக்காதீங்க பெரியப்பா. உதவி வாங்கினா ஆராய்ச்சி கெட்டுடும்," என்று பல்லால் கடித்து அதை நேராக்கினான்.

பேராசிரியர் விரைந்து வந்தார். கூண்டின் கதவில் கைவைத்தார்.

"திறக்காதீங்கம்மா! வடை இன்னும் எடுக்கலை!" என்று உத்திராபதி உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "சாயங்காலம் ஆயிடுச்சு, இன்னும் அதே வேலையில நிக்கிறான் பாருங்கம்மா! இதுக்கு மேல என்ன வேணும்? மாப்பிள்ளை, பொண்ணு உங்களுக்குத்தான். வர்ற மாசமே முகூர்த்தம் வச்சுடறேன்."

உத்திராபதி வலை வழியாக விரலை நீட்டி அவர் காலைத் தொடப் பார்த்தான்.

"கவலையே படாதீங்க மாமா," என்றான். "முகூர்த்தத்துக்குள்ள எப்படியும் வடையை எடுத்துடறேன்."