குகைக்குள் கேட்ட ‘ம்’

அந்தக் காலத்தில் மனிதர்களும் விலங்குகளும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆனால் கதை என்று ஒன்று அப்போது இல்லை. பன்றி கிழங்கைத் தோண்டிவிட்டது, இன்னார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சேதி சொல்வார்கள். கேட்கிறவர் பேசாமல் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு மலையடிவார ஊரில் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. பசி தாங்காமல் விதைத் தினையையும் பொங்கித் தின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு மழை நன்றாகவே பெய்தது. நிலம் ஊறிக் கிடந்தது. விதைக்கத்தான் ஒரு மணி இல்லை.

மலைக்குள்ளே எறும்புகள் தினை சேர்த்து வைத்திருப்பது ஊருக்கே தெரியும். அங்கே போக ஒரு குகைதான் வழி. உள்ளே போனவர்கள் இருட்டில் வழி தப்பி, திரும்பியதே இல்லை. ஊர் கூடிப் பேசியபோது எல்லோரும் மாராயியைப் பார்த்தார்கள். கிழங்கு தேடி அந்த மலை முழுக்க ஏறி இறங்கியவள் அவள் ஒருத்திதான். அவளோ தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி தன் நிலத்தைக் கொத்திப் பதமாக்கிவிட்டு, போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு மாராயிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பந்தம் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதி மலையில் ஒரு கடுவன் குரங்கு அவளோடு சேர்ந்துகொண்டது. வாய் ஓயாத குரங்கு. காட்டிலும் பழம் இல்லை என்று புலம்பியது, தினை விளைந்தால் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டது. உண்டு என்றாள். குகை வாசலுக்கு வந்ததும் அதன் பேச்சு அடங்கிவிட்டது. குரங்குக்குப் பழக்கமெல்லாம் மரமும் வெயிலும்தானே. இருந்தாலும் அவள் பின்னாலேயே உள்ளே வந்தது.

பந்த வெளிச்சத்தில், சுவரை வலக்கையால் தடவிக்கொண்டு, சில இடங்களில் தவழ்ந்து, தரை பிளந்திருந்த இடத்தில் ஒதுங்கி நடந்து, இருவரும் எறும்புகளின் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தினை குவியல் குவியலாகக் கிடந்தது. மாராயி ஊரின் நிலைமையைச் சொல்லி விதை கேட்டாள். தாய் எறும்பு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது.

“கையால் அள்ளக் கூடாது, துணியில் முடியக் கூடாது,” என்றது. “என் பிள்ளைகள் ஒவ்வொரு மணியையும் வாயில் சுமந்துதான் கொண்டுவந்தார்கள். நீங்களும் இருவரில் ஒருவர் வாய் கொள்கிற அளவு கொண்டுபோங்கள்.”

மாராயியின் வாயில் எவ்வளவு கொள்ளும்? குரங்கு முன்னால் வந்தது. இரண்டு கன்னமும் பலாக்கொட்டை போலப் புடைக்கும்வரை தினையை அடைத்துக்கொண்டது. பல நாள் பட்டினியில் இருந்த குரங்கு அது. நாக்கின் மேலேயே தினை கிடந்தது. ஒரு மணியைக்கூட விழுங்கவில்லை.

திரும்பிய சற்று நேரத்தில் பந்தம் அணைந்துவிட்டது. மாராயி சுவரை இடக்கையால் தடவிக்கொண்டு முன்னே நடந்தாள். பின்னால் குரங்கு அசையவில்லை. பயம். வாயைத் திறந்து பயமாக இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை.

அதற்குத் தைரியம் வரட்டும் என்று மாராயி பேசத் தொடங்கினாள். “ஒரு ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு குரங்கு துணை வந்தது. கேட்கிறாயா?”

மூடிய வாய்க்குள்ளிருந்து குரங்கு, “ம்,” என்றது.

அவர்கள் மலை ஏறியதைச் சொன்னாள். ம். குகைக்குள் நுழைந்ததைச் சொன்னாள். ம். ஒவ்வொரு ‘ம்’முக்கும் குரங்கு ஓரடி முன்னே வந்தது. நடந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகும் இருட்டு தீரவில்லை. அதனால் இனிமேல் நடக்கப்போவதையும் நடந்துவிட்டது போலவே சொன்னாள். அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், ஊருக்குப் போனார்கள், தினை முளைத்தது என்றாள். முடிவு என்னவென்று அவளுக்கும் தெரியாது. சொல்லச் சொல்ல அவள் கால்களுக்கும் பலம் வந்தது.

திடீரென்று ‘ம்’ நின்றுவிட்டது.

மாராயி காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பசி பொறுக்காமல் தினையைத் தின்றுவிட்டு ஒளிந்துகொண்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். சுவரிலிருந்து கையை எடுத்தால் மறுபடி வழி கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அப்படியே நின்று காதைத் தீட்டினாள். எங்கோ கீழே, மூச்சைவிட மெல்லியதாக, ஒரு ‘ம்’ கேட்டது.

சுவரை விட்டுவிட்டாள்.

தரையோடு தரையாக ஊர்ந்து போய்த் துழாவினாள். பிளவின் விளிம்பில் குரங்கின் ஒரு கை மட்டும் தட்டுப்பட்டது. விழுந்து, பாறையில் மோதி, ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கூச்சல் போட்டிருந்தால் அவள் அப்போதே ஓடி வந்திருப்பாள். ஆனால் வாய் திறந்தால் விதை முழுவதும் பள்ளத்தில் போய்விடும். அதனால்தான் அது கத்தவில்லை. மாராயி இரண்டு கையாலும் பற்றி இழுத்து அதை மேலே போட்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தினை அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

சுவரைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. கை பட்டதும், “எங்கே விட்டேன்?” என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். “ம்,” என்றது குரங்கு.

வெயிலில் வந்து நின்றதும் குரங்கு அவள் மடியில் தினையை உமிழ்ந்தது. ஊர் அதைப் பங்கிட்டு விதைத்தது. அறுவடையன்று எல்லோரும் களத்தில் கூடி, நடந்ததைச் சொல்லச் சொல்லி மாராயியைக் கேட்டார்கள். அவள் தொடங்கியதும், தினைக் கதிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரங்கு தன்னையறியாமல் “ம்” என்றது. பந்தம் அணைந்த இடம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி “ம்” என்றாள். குரங்கு விழுந்த இடம் வந்தபோது களமே “ம்” என்றது.

அன்று முதல்தான் கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டுகிறார்கள். அந்தச் சத்தம் நின்றுபோனால், எவ்வளவு பெரிய கதையாக இருந்தாலும் சொல்கிறவர் அங்கேயே நிறுத்தி, கூட வந்தவர் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார்.