ஒன்பதாவது பெயர்

தீர்ப்புச் சொல்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஜெசிந்தாவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

குமரிக் கடற்கரையில் மணல்துறை என்றோர் ஊர். ஒரு டிசம்பரில் அடித்த புயலில் அந்த ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் கடலிலிருந்து திரும்பவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவன் ஜெசிந்தாவின் கணவன் ததேயு. அதே வள்ளத்தில் போன அவன் தம்பி சூசையை மட்டும் நான்காம் நாள் ஒரு கப்பலில் வந்தவர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்டார்கள்.

நடந்ததை அவன் அண்ணியிடம் மட்டும் சொன்னான். வள்ளம் கவிழ்ந்தபோது இருவர் கைக்கும் அகப்பட்டது ஒரே ஒரு காலி டீசல் கேன். அது இரண்டு பேரைத் தாங்கவில்லை. "நீ பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ததேயு கையை எடுத்துவிட்டான். சூசையின் கண் முன்னால்தான் அவன் தாழ்ந்து போனான்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க மைனி. பிள்ளைக்குத் தெரிஞ்சா அப்புறம் என் முகத்துல முழிப்பாளா?" என்று கேட்டு அழுதான்.

பிள்ளை என்றது பத்து வயது லின்சியை. அப்பாவுக்கு அடுத்து அவள் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தச் சித்தப்பாவிடம்தான். ஜெசிந்தா சரியென்று தலையாட்டினாள். மகளிடம், "அப்பாவைத் தேடிட்டு இருக்காங்க" என்றாள். அதையே பத்து மாதம் சொன்னாள்.

அக்டோபரில் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள். மாயாஜாலக் கதை. ஒரு சிறுமியின் அப்பாவைக் கடலரசன் பிடித்துக் குகைக்குள் கட்டிப்போடுகிறான். கரையில் இருப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கட்டு இறுகும். ஒரு வருடம் யாருமே சொல்லாதிருந்தால் கயிறு இற்றுப்போய் அவர் வந்துவிடுவார். சிறுமி ஊரிலுள்ள எல்லோர் வாயையும் மூட வைக்கிறாள். வருடம் முடிந்ததும் அப்பா கரையேறி வருகிறார். ஆனால், சொல்லாமலே இருந்ததில் அவர் பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிருக்கிறது. முகமும் மறந்துபோயிருக்கிறது. மகளே அவரை வழிப்போக்கன் என்று நினைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறாள். அவர் குடித்துவிட்டு நடக்கிறார். படம் முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெசிந்தா, "என்ன படம் இது? பெத்த மகளுக்கே அடையாளம் தெரியாம வந்து நிக்கதுக்கு வராமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

லின்சி நின்றுவிட்டாள். "தெரியாட்டா என்னம்மா? வந்தாருல்லா?"

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை அப்பாவின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள். இரவு ஜெபத்தில்கூடச் சொல்லவில்லை. இதுவரை சொன்னது போகட்டும், இனிச் சொல்லாவிட்டால் போதும்; புயலடித்து வருடம் திரும்ப இரண்டு மாதந்தான் பாக்கி என்று கணக்குச் சொன்னாள். இதற்கிடையில் நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறையே இல்லாத ஒன்பது பேரின் பெயரையும் அன்று முதல்முறையாக வாசிப்பதென்று ஊரில் முடிவாகியிருந்தது. லின்சி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அப்பா பேரு மட்டும் வேண்டாம்மா. இன்னும் ஒரு மாசந்தான்."

ஜெசிந்தா சத்தியம் செய்து கொடுத்தாள். பங்குச் சாமியாரிடம் போய், ததேயு பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் எல்லா மேடுகளிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. சாமியார் எட்டுப் பெயரை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் குரலெடுத்து அழுதது. எட்டாவது முடிந்ததும் அவர் தாளை மடித்தார். அவ்வளவுதானா? தம்பிக்காகக் கையை விட்ட மனுஷனுக்குக் குழியும் இல்லை, பெயரும் இல்லையா? ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொள்ளத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"ததேயு!" என்று அலறினாள். ஒரு தடவை அல்ல. லின்சி எட்டி அம்மாவின் வாயைத் தன் கையால் அடைத்த பிறகும் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் லின்சி அழவில்லை. "அப்பா வந்திருப்பாரு. நீதான் அவரைக் கெட்டிப் போட்ட" என்றாள்.

சூசை வாசலில் நின்று அதைக் கேட்டான். ஜெசிந்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

"மைனி..." என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அவள் உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு அப்பா வரும் நம்பிக்கையும் போகும், சித்தப்பாவும் போவான். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மக்கா. என் தப்புதான்" என்றாள்.

வருடம் திரும்பியது. கரைக்கு யாரும் வரவில்லை. லின்சி அம்மாவிடம் பேசுவதில்லை.

கேட்டவர்களே, சொல்லுங்கள்: சத்தியத்தை மீறிப் பழியையும் ஏற்றுக்கொண்ட ஜெசிந்தாவா, வாய் திறக்காமல் போன சூசையா, பெயரைச் சொல்லக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த லின்சியா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: லின்சி செய்தது மட்டுந்தான் சரி. ததேயு இறந்தது மற்ற இருவருக்கும் தெரியும்; சொல்ல வேண்டியதை ஒருவர் மற்றவர் தலையில் போட்டுவிட்டார்கள். ஜெசிந்தா அலறியது குற்றமில்லை, அது துக்கம். பழியை ஏற்றதும் பாசந்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சுமப்பது பிள்ளை. லின்சிக்குத் தெரிந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதை நம்பித் தன்னால் ஆனதையெல்லாம் அப்பாவுக்காகச் செய்தாள். அவள் பக்கம் நியாயம் இருந்து என்ன? பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளைக் கொடுத்தாலும், தந்தை பெயர் என்ற இடத்தை இன்றைக்கும் அவள் காலியாக விட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறாள்.